எரிபொருள் சேர்க்கைகள்: பாட்டிலா, பிரீமியம் பெட்ரோலா, ஒன்றுமே வேண்டாமா?

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியதும் "ஆடிட்டிவ் ஊத்தட்டுமா சார், மைலேஜ் நல்லா கிடைக்கும்" என்று கேட்கும் ஊழியரையும், சர்வீஸ் சென்டரில் மதிப்பீட்டுத் தாளின் கடைசி வரியில் "கார்பன் கிளீனிங்" என்று சேர்த்துவிட்டுக் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் ஆலோசகரையும் சந்திக்காத கார் உரிமையாளர் இன்று அநேகமாக இல்லை. இருவருமே விற்பது ஒரே வாக்குறுதியைத்தான்: இன்ஜினுக்குள் சேர்ந்த அழுக்கு போய்விடும், வண்டி புதிது போல இழுக்கும். இதற்கு நம் முன் இருக்கும் வழிகளை நான்காகப் பிரிக்கலாம். சாதாரண பெட்ரோலை மட்டும் போட்டுக்கொண்டு பராமரிப்பை ஒழுங்காகச் செய்வது முதல் வழி. சேர்க்கை (ஆடிட்டிவ்) ஏற்கெனவே கலந்த பிரீமியம் பெட்ரோலுக்கு மாறுவது இரண்டாவது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை கிளீனர் பாட்டிலை டேங்கில் ஊற்றுவது மூன்றாவது. பட்டறையில் காசு கொடுத்துச் சுத்தம் செய்வது நான்காவது. எது சரி என்பது கடையில் கிடைக்கும் பிராண்டைப் பொறுத்ததல்ல. உங்கள் காரில் அழுக்கு எங்கே படிந்திருக்கிறது, அந்த இடத்தை எரிபொருள் தொடுகிறதா என்பதைப் பொறுத்தது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க, நம் சாலைகளில் மிகப் பரவலாகக் காணப்படும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம்: எட்டு ஆண்டுகள் ஓடிய, டர்போ இல்லாத பெட்ரோல் ஹேட்ச்பேக், சென்னை நெரிசலில் அலுவலகத்துக்குப் போய்வந்து ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடுவது, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருவது. இதில் பெட்ரோல், இன்டேக் வால்வுக்கு முன்னால் உள்ள குழாயில் தெளிக்கப்படுகிறது. போர்ட் இன்ஜெக்‌ஷன் என்று சொல்லப்படும் அமைப்பு இதுதான். குறுகிய தூரம் ஓட்டி, சூடான இன்ஜினை அடிக்கடி நிறுத்தும்போது இன்ஜெக்டரின் முனையில் ஒட்டியிருக்கும் சிறு துளி பெட்ரோல் அந்த வெப்பத்திலேயே வெந்து, பிசினாக இறுகுகிறது. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியைவிட நகரத்துக்குள் நின்று நின்று ஓடும் வண்டிக்கு இந்தத் தொல்லை அதிகம். மூடுபனி போலப் பரவ வேண்டிய பெட்ரோல், துளைகள் குறுகிய பிறகு கோடாக விழுகிறது. வால்வின் பின்புறத்தில், இன்ஜினுக்குள்ளிருந்து திரும்ப உறிஞ்சப்படும் ஆயில் ஆவியும் எரிபொருள் மிச்சமும் சேர்ந்து கரும் படலமாகப் படிகின்றன. பிஸ்டன் தலையிலும் எரியறைச் சுவரிலும் படிவது இன்னொரு வகை. அது கடினமானது, எளிதில் கரையாதது.

இந்த மூன்று இடங்களும் போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் தொடும் இடங்கள் என்பதால், பெட்ரோலில் கலந்த ஒரு வேதிப்பொருள் அவற்றைச் சுத்தம் செய்ய வாய்ப்பு இருக்கிறது. ஆனால் சிக்னலில் நிற்கும்போது வண்டி துடிப்பதற்கு அடிக்கடி காரணமாக இருக்கும் த்ராட்டில் பாடியின் கரியை எந்தப் பாட்டிலும் தொடாது. த்ராட்டில் பாடி, இன்ஜினுக்குப் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம்; இன்ஜெக்டருக்கு முன்னால், காற்று மட்டுமே வரும் பாதையில் இருக்கிறது. அதே போல, பெட்ரோலை நேரடியாக எரியறைக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் வால்வின் பின்புறத்தைப் பெட்ரோல் நனைப்பதே இல்லை. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளின் டிஎஸ்ஐ, ஹூண்டாய், கியா வண்டிகளின் டர்போ ஜிடிஐ, மாருதியின் பூஸ்டர்ஜெட் ஆகியவை இந்த வகை. அவற்றில் வால்வுப் படிவை டேங்கில் ஊற்றும் எதனாலும் நீக்க முடியாது. இன்ஜெக்டர் முனையை வேண்டுமானால் சுத்தமாக வைத்திருக்கலாம். "எல்லா வண்டிக்கும், எல்லா அழுக்குக்கும்" என்று அச்சிட்ட பாட்டிலைக் கையில் எடுக்கும்போது இந்த வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. விலை வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பாலிஈதர் அமின், சுருக்கமாக பிஇஏ, என்ற சேர்மம் அதிக வெப்பத்திலும் சிதையாமல் நின்று, இன்ஜெக்டர், வால்வு, எரியறை ஆகிய மூன்று இடங்களிலும் உள்ள படிவைக் கழற்றக்கூடியது. செவ்ரான் நிறுவனம் டெக்ரான் என்ற பெயரில் பரப்பிய தொழில்நுட்பம் இதுவே. இன்று பல நிறுவனங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. பாலிஐசோபியூட்டிலின் அமின் என்ற இன்னொரு வகை, இன்ஜெக்டரையும் வால்வையும் நன்றாகவே காக்கிறது. ஆனால் எரியறைக்குள் தானே சிறிது படிவை விட்டுச் செல்லும் இயல்புடையது. மூன்றாவது வகையில் பெயர் சொல்லும்படி எதுவும் இல்லை: மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய ஒரு கரைப்பான், அதில் துளி அளவு சுத்திகரிப்புப் பொருள், வெளியே மின்னும் லேபிள். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்தப் பொருளுக்கான பாதுகாப்புத் தரவுத்தாள் இருந்தால் அதைத் திறந்து பார்க்கலாம். பிஇஏ அல்லது அமின் வகைச் சேர்மம் ஏதேனும் கணிசமான சதவீதத்தில் இருக்கிறதா, அல்லது கரைப்பானின் பெயர் மட்டுமே இருக்கிறதா என்பது அங்கே ஓரளவு தெரிந்துவிடும். தரவுத்தாளே கிடைக்காத பொருளை வாங்காமல் விடுவது என் வழக்கம்.

பிரீமியம் பெட்ரோலுக்கும் பாட்டிலுக்கும் இடையிலான தேர்வைக் கணக்காகவே பார்க்கலாம். நம் உதாரண வண்டி 10,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 667 லிட்டர் குடிக்கிறது. பிரீமியம் பெட்ரோல் லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஏறக்குறைய 5,300 ரூபாய் அதிகம் செலவாகும். 500 ரூபாய் விலையுள்ள ஒரு நல்ல பிஇஏ பாட்டிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஊற்றினால் ஆண்டுச் செலவு 1,000 ரூபாய். பிரீமியம் பெட்ரோலில் உள்ள சேர்க்கை ஒவ்வொரு லிட்டரிலும் சிறு அளவில் இருந்து படிவு சேராமல் தடுப்பது; பாட்டில், ஏற்கெனவே சேர்ந்ததை அதிக அளவில் தாக்கிக் கழற்றுவது. வேலை வேறு வேறுதான். ஆனாலும் எட்டு ஆண்டுகள் சாதாரண பெட்ரோலில் ஓடிய வண்டிக்குத் தேவைப்படுவது இரண்டாவது வேலை என்பதாலும், அதற்கு ஐந்தில் ஒரு பங்கு காசே ஆகிறது என்பதாலும், இந்த வண்டியின் உரிமையாளருக்கு நான் பாட்டிலைத்தான் பரிந்துரைப்பேன். புதிதாக ஒரு டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டி வாங்கி, இன்ஜெக்டர் முனையை முதல் நாளிலிருந்தே சுத்தமாக வைத்திருக்க விரும்புபவர் பிரீமியம் பெட்ரோல் போட்டால் அதில் நியாயம் உண்டு.

அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் ஒரு குறைந்தபட்ச அளவு சுத்திகரிப்புச் சேர்க்கை இருக்க வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. அந்த அளவு போதாது என்று கருதிய பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகிய நிறுவனங்கள் 2004இல் "டாப் டியர்" என்ற கூடுதல் தரத்தைக் கொண்டுவந்தன. அங்குள்ள வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016இல் வெளியிட்ட ஆய்வில், 4,000 மைல் ஓட்டத்துக்கு இணையான சோதனைக்குப் பின், டாப் டியர் அல்லாத பெட்ரோல் சராசரியாக 19 மடங்கு அதிகப் படிவை விட்டிருந்தது. சேர்க்கை என்பதே ஏமாற்று வேலை என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இது போதுமான சான்று. நம் பங்குகளில் சாதாரண பெட்ரோலில் எந்தச் சேர்க்கை எவ்வளவு இருக்கிறது என்று எந்தப் பலகையிலும் எழுதியிருப்பதில்லை என்பதுதான் நம் சிக்கல்.

மைலேஜ் வாக்குறுதியைப் பற்றி ஒரு வார்த்தை. 500 ரூபாய் பாட்டில், 5,000 கிலோமீட்டரில் தன் விலையைத் திருப்பித் தர வேண்டுமானால், லிட்டர் 100 ரூபாய் என்ற கணக்கில், மைலேஜ் 1.5 சதவீதம் உயர வேண்டும். அது நடக்கக்கூடியதுதான், ஆனால் நடந்ததா என்று நாம் கண்டுபிடிக்க முடியாது. டேங்கை நிரப்பும்போது தரை சற்றுச் சாய்ந்திருந்தாலோ, நாசில் அரை லிட்டர் முன்னதாக நின்றுவிட்டாலோ, 35 லிட்டரில் அதுவே 1.4 சதவீத வேறுபாடு. ஏசி, போக்குவரத்து, டயர் காற்று எல்லாம் இதைவிடப் பெரிய மாற்றங்களைத் தருகின்றன. "ஊற்றிய பிறகு 3 கிலோமீட்டர் கூடியது" என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றில்லை. அளக்கும் கோல் அவ்வளவு நுட்பமானதில்லை. உண்மையிலேயே அளக்க விரும்புபவருக்கு ஒரு வழி உண்டு. வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை இணைத்து, நீண்டகால ஃப்யூயல் ட்ரிம் எண்ணைப் பார்க்க வேண்டும். இன்ஜெக்டர் அடைபட்ட வண்டியில் பெட்ரோல் போதவில்லை என்று உணரும் கணினி, கூடுதலாகத் தெளிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் அந்த எண் பூஜ்யத்திலிருந்து மேல்நோக்கி விலகியிருக்கும். ஒரு டேங்க் கிளீனர் ஓடிய பிறகு அது பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் பாட்டில் வேலை செய்திருக்கிறது. காற்றுக் கசிவாலும் அந்த எண் உயரும் என்பதால், இறங்கவில்லை என்றால் குழாய்களையும் பார்க்க வேண்டும். எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தமும், டேங்கில் போடும் மாத்திரையும் இந்த விவாதத்தில் இடம்பெறத் தகுதியற்றவை.

ஆக்டேன் பூஸ்டரும் இதே அலமாரியில் விற்கப்படுவதால் அதையும் சொல்லிவிட வேண்டும். ஆக்டேன் என்பது நாக்கிங்கை (எரியறைக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவதை) தாங்கும் திறனே தவிர, சக்தியின் அளவு அல்ல. 91 ஆக்டேனுக்கு வடிவமைத்த சாதாரண இன்ஜினுக்கு அதைவிட உயர்ந்ததைக் கொடுத்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ள அதற்குத் தெரியாது. எத்தனாலின் ஆக்டேன் எண் ஏறக்குறைய 108 என்பதால், இ20 (20 சதவீத எத்தனால் கலந்த) பெட்ரோலே இப்போது 95ஐ நெருங்கிவிட்டது என்று அரசே கூறுகிறது. லேபிளில் "5 பாயிண்ட் உயரும்" என்று இருந்தால் அது 91 என்பது 91.5 ஆவதைத்தான் பெரும்பாலும் குறிக்கும். இந்த வணிகத்தில் ஒரு பாயிண்ட் என்றால் 0.1. அத்துடன் ஃபெரோசீன், எம்எம்டி போன்ற உலோகம் கலந்த பூஸ்டர்கள் ஸ்பார்க் பிளக்கில் செங்கல் நிறத்தில் படிந்து, மிஸ்ஸிங்கை உண்டாக்கக்கூடியவை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் அவை நல்லதல்ல. ஹூண்டாய் கையேடு உலோகச் சேர்க்கைகள் உள்ள எரிபொருளைத் தவிர்க்கச் சொல்கிறது. அதே நிறுவனத்தின் கையேடுகள், நல்ல பெட்ரோல் கிடைக்காமல் வண்டி கிளம்பச் சிரமப்பட்டாலோ சீராக ஓடாவிட்டாலோ சுத்திகரிப்புச் சேர்க்கையைப் பயன்படுத்தலாம் என்றும் சொல்கின்றன. கிளீனருக்கும் பூஸ்டருக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இ20 வந்த பிறகு சந்தைக்குப் புதிதாக ஒரு வகை வந்திருக்கிறது: "எத்தனால் பாதுகாப்பு" பாட்டில்கள். 2023 பிப்ரவரியில் அறிமுகமான 20 சதவீத எத்தனால் கலவை, 2025க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. அதற்கு முன் வாங்கிய வண்டிகளின் உரிமையாளர்கள் கவலைப்படுவதில் பொருள் இருக்கிறது. கவலைகள் மூன்று. மைலேஜ் குறைவது முதலாவது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. நிதி ஆயோக்கின் திட்ட அறிக்கையே, இ10க்கு (10 சதவீத எத்தனால் கலவைக்கு) அமைக்கப்பட்ட பழைய நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் வரை எரிபொருள் சிக்கனம் குறையும் என்று மதிப்பிட்டது. இல்லாத ஆற்றலை எந்தச் சேர்க்கையும் உள்ளே கொண்டுவர முடியாது. ரப்பர் பாகங்கள் இரண்டாவது. எத்தனால் சில வகை ரப்பரை ஊதவோ வறளவோ செய்கிறது. பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமும் 2025இல் ஒப்புக்கொண்டது. அரிப்புத் தடுப்பான் கலந்த பாட்டில் உலோகத்தைக் கொஞ்சம் காக்கலாம். ரப்பரின் தன்மையை அது மாற்றாது. அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து எரிபொருள் குழாயையும் ஓ-ரிங்கையும் தக்க தரத்தில் மாற்றுவதே பயன்தரும் செலவு.

மூன்றாவது, தண்ணீர். எத்தனால் ஈரத்தை ஈர்த்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் போய் நிற்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். அன்றாடம் ஓடி, வாரம் ஒருமுறை பெட்ரோல் போடும், மூடி சரியாக இருக்கும் காரில் காற்றின் ஈரத்தால் மட்டும் இது நிகழ்வது அரிது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் நடந்தது போல வெள்ளத்தில் நின்ற வண்டி வேறு கதை. அதற்கு "வாட்டர் ரிமூவர்" ஊற்றிப் பயனில்லை: அந்தப் பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே ஆல்கஹாலாக இருக்கும் பெட்ரோலில் இன்னும் 200 மில்லி சேர்ப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. வண்டியைக் கிளப்பாமல் டோ செய்து கொண்டுபோய் டேங்கைக் காலிசெய்து துடைப்பதே வழி. மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப் போகிறவர்களுக்கு மட்டும், பெட்ரோல் பழசாகிப் பிசினாவதைத் தாமதப்படுத்தும் ஸ்டெபிலைசர் ஓரளவு உதவும்; அதையும் புதுப் பெட்ரோலில் முன்கூட்டியே கலக்க வேண்டும், கெட்டுப்போனதைத் திருத்த அதற்கு இயலாது.

நான்காவது வழியான பட்டறைச் சுத்தத்தில், பெயர் ஒன்றாக இருந்தாலும் செய்யப்படும் வேலை இடத்துக்கு இடம் மாறுகிறது. த்ராட்டில் பாடியைக் கழற்றித் துடைப்பது மலிவானது, பலன் கண்ணுக்குத் தெரிவது. நெரிசலில் வண்டி துடித்தால் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான், கூடவே ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் பார்த்துவிட வேண்டும். இன்ஜெக்டர்களைக் கழற்றி அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்து, சோதனை மேடையில் ஒவ்வொன்றும் எவ்வளவு தெளிக்கிறது என்று கண்ணாடிக் குழாயில் காட்டுவது நம்பகமான வேலை. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியின் வால்வுக்கு வால்நட் ஓட்டுத் தூளை வேகமாக ஊதிச் சுரண்டும் முறை இருக்கிறது. செலவானது, ஆனால் அங்கே உண்மையாகப் பயன்தருவது அதுவே. இன்டேக் குழாய் வழியாக ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி அரை மணி நேரத்தில் கரியை எரித்துவிடுவதாகச் சொல்லும் வேலைக்கு மட்டும் நான் காசு கொடுக்கமாட்டேன். முன்னும் பின்னும் எண்டோஸ்கோப் கேமராவில் வால்வைக் காட்டச் சொன்னால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. 2020 ஏப்ரல் முதல் விற்கும் பிஎஸ்6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவுக்குக் குறைந்துவிட்டது. கந்தகம் நீக்கும்போது குறையும் வழுவழுப்பைச் சுத்திகரிப்பு நிலையமே சேர்க்கை கொண்டு ஈடுசெய்து, தர வரம்புக்குள் கொண்டுவருகிறது. ஆகவே "பம்பைக் காப்பாற்ற" டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கலக்கும் பழக்கம், டிபிஎஃப் எனப்படும் புகைக்கரி வடிகட்டி உள்ள வண்டிகளில் கைவிடத்தக்கது. ஆயிலின் சாம்பல் அந்த வடிகட்டியிலேயே தங்கிவிடும், எரித்தும் போகாது. இன்ஜெக்டர் கிளீனரை அளவோடு பயன்படுத்தலாம். டிபிஎஃப் விளக்கு எரிய ஆரம்பித்தால் பாட்டிலைத் தேடுவதற்கு முன், ஜிஎஸ்டி சாலை போன்ற நெடுஞ்சாலையில் ஏறி இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுவது வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வழிவிடும். ஆட்ப்ளூ (சில டீசல் வண்டிகளின் புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசல்) ஒரு டீசல் சேர்க்கை அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதற்கெனத் தனி டேங்க் உண்டு, தவறி டீசல் டேங்கில் ஊற்றினால் சாவியைக்கூடத் திருப்பாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

பாட்டில் என்று முடிவு செய்தவர்கள் ஊற்றும் முறையில் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இன்ஜின் ஆயில் மாற்றுவதற்கு முந்தைய டேங்கில் ஊற்றுவதே சரியான நேரம். பிஇஏ எரியாமல் சிறிது பிஸ்டன் வளையத்தைத் தாண்டி ஆயிலில் இறங்கும் என்பதால், அது உடனே வெளியேறிவிடுவது நல்லது. லேபிளில் 300 மில்லி எத்தனை லிட்டருக்கு என்று பார்க்க வேண்டும். 60 லிட்டருக்கானதை 32 லிட்டர் டேங்கில் முழுவதும் கவிழ்த்தால் இருமடங்கு சுத்தமாகாது. டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது முதலில் பாட்டிலை ஊற்றி, அதன் மேல் பெட்ரோலை நிரப்பினால் தானாகவே கலந்துகொள்ளும். அதன் பிறகு அந்த டேங்கைப் பாதியில் டாப்-அப் செய்யாமல், கூடுமானால் ஒரு நெடுஞ்சாலைப் பயணத்தோடு காலியாகும் வரை ஓட்ட வேண்டும். பூட்டிய காரின் டிக்கியில், மே மாத வெயிலில், மிச்சப் பாட்டிலை உருட்டிவிடக் கூடாது. அது எளிதில் தீப்பற்றும் பொருள். வாரண்டியில் இருக்கும் வண்டிக்குக் கையேடு அனுமதிக்காத எதையும் ஊற்ற வேண்டாம்.

ஒரு டேங்க் முழுதும் ஓடிய பிறகும் ஐடிலிங் சீராகவில்லை, ட்ரிம் எண்ணும் அசையவில்லை என்றால், வேறு பிராண்டில் இரண்டாம் பாட்டில் வாங்குவதில் அர்த்தமில்லை. இக்னிஷன் காயில், பிளக், காற்றுக் கசிவு, எரிபொருள் பம்பின் அழுத்தம் என்ற வரிசையில் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லி, அவற்றில் குறை இல்லையென்றால் மட்டும் இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்லலாம்.